பாமாயில் ஆலைக் கழிவு நீரும் நுண்ணுயிர்களும்

எண்ணெய்ப் பனைச் சாகுபடியைப் பெருக்குவதற்கென 11,040 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2021 ஆகஸ்டில் தில்லியில் ஒப்புதல் அளித்தது. கன்று நடுதலைப் பற்றிப் பேசுவோர் பலர். ஆலையின் கழிவு நீரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பறித்த குலைகளை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்க்க வேண்டுமாதலின், ஆலைகள் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் அருகிலேயே எழுகின்றன.

ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவு நீர் சேருகிறது. பழுப்பு நிறமும் புளிப்பும் கொண்ட இந்நீர், 80 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய சூட்டுடன் வெளிவருகிறது. எண்ணெய் எடுப்பதில் நச்சு இரசாயனம் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. அவ்வாறாயின் தீங்கு யாது? இதிலுள்ள கொழுப்பையும் மாச்சத்தையும் பாக்டீரியாக்கள் உண்டு தீர்க்க லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். நீர்நிலைகளில் விடுதற்கு இந்தியாவில் பொதுவாக வகுத்துள்ள வரம்போ 30 மில்லிகிராமே. ஓடையில் அப்படியே விட்டால் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடியும். ஆகவே அவ்வுணவை ஓடையை அடையுமுன் தொட்டியிலேயே நுண்ணுயிர்களுக்கு இட்டுவிட வேண்டும்.

இம்முறை தில்லிக்குப் புதிதன்று. பூசாவிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் 1930-களின் இறுதியில் சாணத்தைக் காற்றின்றிப் புளிக்கவைத்து எரிவாயு பெறும் ஆராய்ச்சியை நடத்தினார். சாண எரிவாயுக் கலத்தில் தொழில் புரியும் அதே கூட்டமே இங்கும் பயன்படுகிறது.

முதலில் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, நீரை ஆறவிடுகின்றனர். பின்னர் மூடிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியாக்கள் கொழுப்பைச் சிதைக்கின்றன. வேறு சில அதனை அமிலமாக்குகின்றன. இறுதியில் மீதேன் நுண்ணுயிர்கள் அவ்வமிலத்தை வாயுவாக்குகின்றன. இக்கடைசிக் கூட்டத்தார் மெல்லப் பெருகுவோர், புளிப்பைப் பொறுக்கமாட்டார். ஆலையின் அவசரத்திற்கேற்பத் தொட்டியில் நீரை மிகுதியாகப் புகுத்தினால் அமிலம் தேங்கும், வாயு குறையும். அவ்வேளையில் புதிய நீரைக் குறைத்து, தேவையாயின் சுண்ணாம்பு இட்டுத் தொட்டியைத் தேறவிட வேண்டும். கெட்டுப்போன தொட்டி தேறுதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

திறந்த குளங்களிலும் இவ்வேலை நடைபெறும். ஆயின் மீதேன் வானில் கலக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது. மூடிய தொட்டியிலோ அதுவே எரிபொருளாகிறது. எஞ்சும் மாசினைக் காற்றூட்டிய குளத்தில் மற்றொருவகை பாக்டீரியாக்கள் நீக்குகின்றன. அடியில் தங்கும் சேறு வயலுக்கு உரமாகும்.

மும்பைக்கருகே எண்ணெய் படிந்த கடல்நீரிலிருந்து பிரித்த யாரோவியா லிப்போலிட்டிகா என்னும் ஈஸ்டு, இந்நீரின் மாசினை இரண்டு நாட்களில் 95 சதவீத அளவு குறைத்ததாக 2002-இல் இந்திய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆய்வுக்கூடக் குடுவை வேறு, ஆலைத் தொட்டி வேறு. எனினும் கொழுப்பு மிகுந்த நீரைத் தொட்டிக்குள் விடுமுன் இவ்வீஸ்டைக் கொண்டு இளக்கும் வழி ஆராயத்தக்கதே.