நிப், பிரஷ், பிரஷ் பென்: இங்கிங்குக்கு முதல்ல எதை வாங்கலாம்?

பென்சில் ஸ்கெட்ச் மீது மையால் கோடு போட்டு முடிப்பதுதான் இங்கிங்.

நிப்: அழுத்தினால் முனை விரியும், கோடு தடிக்கும். ஜப்பான் மாங்கா ஓவியர்களின் ‘ஜி பென்’ இந்த ரகம்தான். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைக்காவிட்டால் மை பிடிக்காது.

பிரஷ்: மெல்லிசு, பட்டை இரண்டும் ஒரே இழுப்பில் வரும். ஆனா, கை பழக நாளாகும்.

பிரஷ் பென்: மை உள்ளேயே இருப்பதால் பஸ்ஸில்கூட வரையலாம். புதுசா தொடங்குறவங்களுக்கு இதுவே வசதி.

மேலே வாட்டர்கலர் அடிக்கணுமா? வாட்டர்ப்ரூஃப் மைதானா என்று பாருங்க. இல்லைன்னா கோடு கரைந்து படமே பாழ். அதுக்காக இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊத்திடாதீங்க! அதில் பெரும்பாலும் அரக்கு இருக்கும்; உள்ளேயே காய்ந்து பேனாவை அடைச்சிடும்.