சிறிய நாயின் தலையீற்று: முன்னேற்பாடுகளும் பராமரிப்பும்

பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் ஈற்றைப் பற்றி நம் கிராம மக்களுக்குப் பரம்பரையான அனுபவம் உண்டு. தலையீற்றுப் பசுவை எவ்வாறு கவனிப்பது என்பதை வீட்டுப் பெரியவர்களே எடுத்துரைப்பர். வீட்டு நாயின் பேற்றைப் பற்றியோ அத்தகைய அறிவு பரவலாக இல்லை. நாய் தானாகவே குட்டி போட்டுக்கொள்ளும் என்ற எண்ணமே பொதுவாக நிலவுகிறது. நடுத்தர உடலமைப்புள்ள நாட்டு நாயைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை. பாமரேனியன் என்று மக்கள் வழங்கும் வெண்ணிற ஸ்பிட்ஸ், டாஷண்டு, பக் முதலிய சிறிய இனங்களுக்கு இதை அப்படியே கொள்ளலாகாது. இவை ஈனும் குட்டிகள் எண்ணிக்கையில் குறைவு. தாயின் உடலளவை நோக்க ஒவ்வொரு குட்டியும் பெரிது. ஒரே குட்டி மட்டும் கருவுற்றிருப்பின் அது இன்னும் பெரிதாக வளர்ந்து, இடுப்பெலும்பு வழியே வெளிவர இயலாமற் போகலாம். பக் இனத்தில் குட்டியின் அகன்ற தலையே தடையாவதும் உண்டு.

பாலக்காடு மாவட்டத்தில் சிற்றூர், கொல்லங்கோடு, மீனாட்சிபுரம் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், வட்டவடை, பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நாய் வளர்ப்போர்க்கு ஐயம் எழும்போது அவர்கள் முதலில் நாடுவது அருகிலுள்ள கள ஊழியரையோ பள்ளி ஆசிரியரையோ ஆகும். அவர்கள் கூறத்தக்க அடிப்படைச் செய்திகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

சினைக்கு முன்னும் சினைக்காலத்திலும்

முதற் பருவத்திலேயே நாயை இணைசேர்ப்பது தக்கதன்று. அப்போது அதன் உடல் வளர்ச்சி முற்றுப்பெற்றிராது. வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றிற்கான தடுப்பூசிகளை இணைசேர்க்கும் முன்பே போட்டுவிட வேண்டும். உயிருள்ள கிருமிகளை வலுவிழக்கச் செய்து ஆக்கப்பட்ட தடுப்பூசிகள் சினைக்காலத்திற்கு ஏற்றவையல்ல.

இணைசேர்ந்த நாளைக் குறித்து வைத்தல் இன்றியமையாதது. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்கள்; 58 முதல் 68 நாள்கள் வரை வேறுபடலாம். நான்காம் வாரத்திற்குப் பின் ஒலியலைப் படத்தால் சினையை உறுதி செய்யலாம். குட்டிகளின் எலும்புகள் 45 நாள்களுக்குப் பிறகே எக்ஸ்ரேயில் தென்படத் தொடங்கும். 55ஆம் நாளுக்குப் பின் எடுக்கும் படம் குட்டிகளின் எண்ணிக்கையைத் தெளிவாகக் காட்டும். இவ்வெண்ணிக்கை தெரிந்திருந்தால், பேறு முடிந்துவிட்டதா, உள்ளே குட்டி தங்கியுள்ளதா என்ற ஐயம் எழாது.

முதல் ஐந்து வாரங்கள் வழக்கமான உணவே போதும். அதன் பின் சிறிது சிறிதாக அளவைக் கூட்டி, நாளொன்றுக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வயிற்றில் குட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒரே வேளையில் மிகுதியாக உண்ண இயலாது. சோற்றுடன் முட்டை, மீன், இறைச்சி சேர்த்தல் நலம். வெங்காயம் சேர்த்த குழம்பை ஊற்றலாகாது. அது நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சினைக்காலத்தில் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைத் தாமாகவே கொடுப்பதும் தவறு. அதன் காரணம் பின்னர் விளக்கப்படும்.

ஈனும் இடம்

தாய் நீட்டிப் படுக்கவும் திரும்பவும் போதிய இடமுள்ள மரப்பெட்டி ஒன்றை, எதிர்பார்க்கும் நாளுக்கு இரு வாரம் முன்னரே அமைதியான மூலையில் வைத்து அதில் உறங்கப் பழக்க வேண்டும். பழைய பருத்தித் துணிகளை விரித்து, நனைந்தவுடன் மாற்றலாம். பெட்டிக்குக் கால்கள் அமைத்து, அவற்றை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்புகள் ஏறா. பிறந்த குட்டியை எறும்புகள் மொய்ப்பது நம் நாட்டில் அடிக்கடி நேரும் தீங்கு.

பிறந்த குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் முதல் இரு வாரங்களில் இல்லை. முதல் வாரத்தில் அதனைச் சுற்றியுள்ள காற்று 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடன் இருத்தல் வேண்டும். பின்னர்ப் படிப்படியாகக் குறைக்கலாம். இவ்விடத்தில்தான் இரு எல்லைப் பகுதிகளுக்கும் முறை வேறுபடுகிறது. மூணாற்றின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் சுற்றுப்புறப் பள்ளத்தாக்குகளில் உறைபனி படிவதும் உண்டு. அங்கே துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்து, மறுபக்கத்தைச் சற்றுக் குளிர்ச்சியாக விட வேண்டும். அப்போது குட்டிகள் வெப்பம் மிகுந்தால் விலகவும், குறைந்தால் நெருங்கவும் இயலும். மூடிய லய வீட்டினுள் கரியடுப்பை மூட்டி வைத்தல் பேராபத்து. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு மனிதரையும் கொல்லும். தோட்டப் பகுதிகளில் சிறுத்தை நாயைக் கவ்விச் செல்வதுண்டு. ஆகவே ஈனுமிடம் வீட்டிற்குள்ளேயே இருத்தல் வேண்டும்.

பாலக்காட்டுச் சமவெளியிலோ மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டும். தகரக் கூரையின் கீழ்ப் பெட்டியை வைக்கலாகாது. நிழலும் காற்றோட்டமும் தாய்க்கு எட்டும் தூரத்தில் குடிநீரும் அவசியம். மின்விசிறியின் காற்று குட்டிகள்மீது நேராகப் படாதிருக்க வேண்டும்.

பேறு நிகழும் முறை

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 38.9 டிகிரி செல்சியஸ். 57ஆம் நாள் முதல் நாள்தோறும் இருமுறை, உடல்வெப்பமானியின் நுனியில் வழவழப்பான களிம்பைத் தடவி ஆசனவாயில் வைத்து அளந்து எழுதி வர வேண்டும். அது 37.2 டிகிரிக்குக் கீழ் இறங்குமாயின், பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் பேறு தொடங்கும். பள்ளிக்குச் செல்லும் வீட்டுச் சிறுவரும் இவ்வளவீட்டை வரைபடமாகத் தீட்டலாம்.

முதற்கட்டத்தில் தாய் அமைதியின்றி மூச்சிரைக்கும், துணியைக் கீறும், உணவை மறுக்கும். இது 6 முதல் 12 மணி நேரம் நீடிக்கும். தலையீற்றில் இன்னும் நீளலாம். பின்னர் வயிற்றை இறுக்கி முக்கும். குட்டிகள் ஒவ்வொன்றாக வெளிவரும். பிறக்கும் குட்டிகளுள் ஐந்தில் இரண்டு பங்கு பின்கால்கள் முன்னாக வருவது இயல்பே. அனுபவமற்றோர் இது கண்டு அஞ்சிக் குட்டியை இழுக்க முற்படலாகாது. தாய் உறையைக் கிழித்துக் குட்டியை நக்காவிட்டால் மட்டுமே உடையவர் தலையிட வேண்டும். அப்போது சவ்வை நீக்கி, மூக்கையும் வாயையும் துடைத்து, உலர்ந்த துவாலையால் முதுகைத் தேய்த்தால் குட்டி மூச்செடுக்கும். தாய் கொடியைக் கடிக்காவிடில், கொதிநீரில் இட்ட நூலால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டுக் கட்டி, அதற்கு அப்பால் தூய கத்தரியால் வெட்டி, அயோடின் தடவ வேண்டும்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய குறிகள்

வலுவாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வராமை. உள்ளே குட்டி இருக்க, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் கழிதல். முதற்குட்டி வருமுன் கரும்பச்சை நீர் கசிதல். வெப்பம் இறங்கி ஒரு நாள் கழிந்தும் பேறு தொடங்காமை. தாய் சோர்ந்து விழுதல் ஆகியவை ஆபத்துக் குறிகள். நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டதையே கரும்பச்சை நீர் உணர்த்தும். அதன் பின் குட்டிக்கு உயிர்க்காற்று கிட்டாது.

பேறு பெரும்பாலும் இரவில் நேர்கிறது. மழைக்காலத்தில் மலைப்பாதைகள் மண்சரிவால் அடைபடுவதும் உண்டு. ஆதலின், இரவிலும் வரக்கூடிய கால்நடை மருத்துவர் யார், அறுவை வசதி எங்குள்ளது, வண்டி யாருடையது என்பவற்றை இரு வாரம் முன்பே விசாரித்து எழுதி வைத்தல் வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண், தம் வட்டாரத்தில் எந்நேரம் பயன்படும் என்பதையும் கேட்டறிக. பாலக்காட்டுப் பகுதியினர்க்கு, திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரத்தில் உள்ளது.

குட்டிகளும் தாயும்

முதல் 12 மணி நேரத்திற்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் அருந்த வேண்டும். நோயெதிர்ப்புப் பொருள்கள் அதன் வழியே வருகின்றன. சிறிய இனக் குட்டியின் பிறப்பெடை பொதுவாக 100 முதல் 200 கிராம். நாள்தோறும் சமையல் தராசில் நிறுத்து எழுதுக. முதல் நாளுக்குப் பின் எடை கூடாத குட்டி, அழாமலிருப்பினும் ஆபத்தில் உள்ளது. குளிர்ந்து விறைத்த குட்டிக்கு முதலில் வெப்பமூட்ட வேண்டும்; அதன் பின்னரே பாலூட்டலாம், ஏனெனில் குளிர்ந்த குடல் பாலைச் செரிக்காது. பசும்பாலில் நாய்ப்பாலின் புரதத்தில் பாதிகூட இல்லை. அது நிரந்தர மாற்றாகாது.

சிறிய தாய்களுக்குப் பேற்றிற்குப் பிந்திய முதல் நான்கு வாரங்களில் பால் காய்ச்சல் என்னும் இழுப்பு நோய் வரலாம். பாலின் வழியே சுண்ணாம்புச் சத்து விரைந்து வெளியேறுவதால் இது விளைகிறது. சினைக்காலத்தில் மாத்திரையாக மிகுதியும் கொடுத்திருப்பின், எலும்பிலிருந்து அச்சத்தை எடுத்துத்தரும் சுரப்பி வேலை குறைந்து, தேவைப்படும்போது உடனே இயங்காது. முன்னர்க் கூறிய தடைக்கு இதுவே காரணம். விறைத்த நடை, நடுக்கம், கடும் மூச்சிரைப்பு கண்டவுடன் குட்டிகளைப் பிரித்துவிட்டு மருத்துவரிடம் விரைதல் வேண்டும். சில மணி நேரத் தாமதமும் உயிரிழப்பில் முடியலாம்.

வீட்டார் நலமும் குட்டிகளின் எதிர்காலமும்

தாயின் தசைகளில் உறங்கும் உருளைப்புழுவின் இளம்புழுக்கள், சினையின் இறுதியில் விழித்தெழுந்து குட்டிகளை அடைகின்றன. இவை குழந்தைகளுக்கும் தொற்றும். ஆகையால் இரண்டாம் வாரத்திலிருந்து இரு வாரத்திற்கு ஒருமுறை, மருத்துவர் கூறும் அளவில் குட்டிகளுக்குப் புழுநீக்க மருந்து கொடுத்து, தாய்க்கும் உடன் கொடுக்க வேண்டும். குட்டியைத் தொட்டபின் சோப்பினால் கை கழுவும் பழக்கத்தை ஆசிரியர்கள் வலியுறுத்தலாம். தாயோ குட்டியோ கடித்தாலும் கீறினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே சுகாதார நிலையம் செல்ல வேண்டும். குட்டிதானே என்று அசட்டை செய்வதால் வெறிநோய் உயிரைப் பறிக்கும். குட்டிகளுக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுதல் அவசியம்.

வேண்டாத குட்டிகளைச் சந்தையோரத்திலும் தேயிலைக்காட்டுப் பாதையிலும் விட்டுச் செல்வதால் கேட்பாரற்ற நாய்கள் பெருகுகின்றன. நாய்களால் பரவும் வெறிநோயை 2030க்குள் ஒழிக்கும் தேசியச் செயல்திட்டம் 2021இல் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு வீட்டு ஈற்றும் அம்முயற்சிக்குத் துணையாகலாம், தடையும் ஆகலாம். எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளை விற்றலாகாது என 2017ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. இலவசமாகத் தருவோர்க்கும் இதுவே நல்ல அளவு. இணைசேர்க்கும் முன்பே, நான்கு குட்டிகளுக்கேனும் ஏற்கும் வீடுகளை உறுதி செய்துகொள்ள இயலாதவர், தம் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்வித்தலே அறிவுடைமை. தலையீற்றுக்கு ஆயத்தம் செய்வதில் முதற்படி இந்த முடிவேயாகும். பெட்டியும் வெப்பமானியும் தராசும் அதற்குப் பின் வருவன.