தபாலில் வரும் கடன் அட்டை

ஆவடி, பூவிருந்தவல்லி வட்டார விவசாயிகள் "ஆயுள் முழுவதும் இலவசம்" என்று தபாலில் வரும் கடன் அட்டை விளம்பரத்தை நம்பிவிடக் கூடாது. இலவசம் என்பது ஆண்டுக் கட்டணம் மட்டுமே. உரம் வாங்க அட்டையில் ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ரொக்கம் எடுத்த கட்டணம் தனி. மாதம் மூன்றரை சதவீதம் எனப் பொடி எழுத்தில் இருந்தால் ஆண்டுக்கு 42 ஆகிறது! கந்து வட்டிக்காரர்கூட வட்டியை வாய்விட்டுச் சொல்வார். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் அசல் எளிதில் கரையாது.

1998-ல் வந்த கிசான் கடன் அட்டை வேறு. அதில் 2025-26-ல் 3 லட்சம் ரூபாய் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாதவருக்கு 4.

கேளாமலே அட்டை அனுப்பிக் கட்டணம் கேட்டால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதை ரத்து செய்வதுடன் இரு மடங்கு அபராதமும் தரவேண்டும். முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.