நியோரெகெலியா: நிறத்தை நம்பாதீங்க, விளிம்பைத் தடவிப் பாருங்க

ஓசூர் பக்கத்து நர்சரிகளில், இலைகள் தட்டையா வட்டமா விரிந்து, நடுவில் குங்குமம் கொட்டின மாதிரி சிவந்திருக்கும் செடி ஒன்று கிடைக்கும். பேர் கேட்டா "புரோமீலியாட் சார்" என்பார்கள். அது குடும்பப் பேர். நம்ம அன்னாசியும் அதே குடும்பம்தான். பேரினம் எதுன்னு தெரிஞ்சாத்தான் செடியை எங்கே வைக்கணும்னு தெரியும்.

பார்க்க வேண்டியவை மூன்று.

1. இலை விளிம்பு. விரலால் மெதுவா வருடுங்க. சின்னச் சின்ன முள் தட்டினா நியோரெகெலியாவா இருக்கலாம். வழவழன்னு இருந்தா குஸ்மேனியா, வ்ரீசியா பக்கம் போங்க.

2. நடுக்கிண்ணம். இலைகளின் அடிப்பகுதி சேர்ந்து தண்ணீர் தேங்கும் குழி இருக்கணும். கிரிப்டான்தஸுக்கும் முள் உண்டு, ஆனா இந்தக் குழி கிடையாது.

3. பூ. இதுதான் உறுதியான அடையாளம். நியோரெகெலியாவின் பூங்கொத்து தண்டு நீட்டி வெளியே வராது. கிண்ணத்துக்குள்ளேயே அமுங்கி, நீலமோ வெள்ளையோ சின்னப் பூக்களா விரியும். ஈக்மியாவில் பெரும்பாலும் தண்டு உயர்ந்து நிற்கும்.

நிறம் ஏமாற்றும். நடுச்சிவப்பு பல வகைகளில் பூக்கும் காலத்தில்தான் ஏறும். வெளிச்சம் குறைந்தா சிவப்பு மங்கி, இலை நீண்டு பச்சையாகிவிடும். குஸ்மேனியாவுக்கு நிழல் போதும். நியோரெகெலியாவுக்கு நல்ல வெளிச்சம் வேணும். இரண்டையும் ஒரே மூலையில் வைத்தா ஒன்று வாடும்.

பேருக்கும் ஒரு கதை உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எடுவார்ட் ரெகல் நினைவாக முதலில் 'ரெகெலியா' என்றார்கள். அந்தப் பேர் ஏற்கெனவே கொய்யா குடும்பத்து ஆஸ்திரேலியச் செடிகளுக்குப் போயிருந்தது. கோடு எழுதுறவங்களுக்குப் பழகின சிக்கல்தான். 1934-இல் லைமன் ஸ்மித் முன்னால் 'நியோ' சேர்த்துத் தீர்த்தார்.

பூத்த செடி மெல்ல மடியும். கவலைப்படாதீங்க, அடியில் பக்கக்கன்று விட்டுட்டுத்தான் போகும். கிண்ணத் தண்ணீரை 4, 5 நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்க. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும்.

கலப்பின வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கு. படத்தை மட்டும் பார்த்து வகைப் பேர் சொல்வது ஊகம்தான். தொட்டியில் "நியோரெகெலியா, வகை தெரியாது" என்று எழுதி வைப்பதே நேர்மை.