வீட்டுக்குள் இயங்கும் நிறச் சட்டம்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வெளிர் நிறத்துக்கு இருக்கும் மதிப்பை, வெள்ளையரைப் பார்த்து ஒட்டிக்கொண்ட அழகு மோகம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்களுடைய நாவல்களில் அது மோகமாக அல்ல, பரம்பரைச் சொத்தாகவே கைமாறுகிறது. வர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் வெள்ளை எஜமானாக இருந்தாலும் விதிவிலக்கில்லை. ஆனாலும் அப்படிப் பிறந்த சிலருக்கு வயலுக்குப் பதில் வீட்டு வேலையும், கைத்தொழிலும், அபூர்வமாக விடுதலையும் வாய்த்தன. 1865இல் அடிமைமுறை ஒழிந்தபோது அவர்களுடைய சந்ததி கொஞ்சம் முன்னால் நின்றது. அந்த முந்துதலைக் காப்பாற்றத் திருமண உறவும் சங்கங்களும் உதவின. வெளிர் நிறத்தவர் கூடும் அப்படியொரு சங்கத்தைச் சார்ல்ஸ் செஸ்னட் 1898இலேயே சிறுகதையாக்கினார்.

வாலஸ் தர்மனின் 'தி பிளாக்கர் தி பெர்ரி' (1929) இன்னும் கடுமையானது. இடாஹோவில் பிறந்த எம்மா லூவைக் கருமைக்காக முதலில் ஒதுக்குவது தாய்வழிக் குடும்பம்தான். ஹார்லெமில் வேலை தேடும்போதும் நிறம் குறுக்கே வருகிறது. அவளும் அப்பாவியல்ல, கல்லூரியில் தன்னிடம் நட்பு பாராட்டும் கறுத்த பெண்ணைக் கண்டு கூசுகிறாள். அடிபட்டவளின் கையிலும் அதே அளவுகோல் இருப்பதைக் காட்டியதுதான் தர்மனின் துணிச்சல்.

இப்படி எழுதுவது வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்து வெள்ளை இனவெறியைத் தப்பவிடுவதாகாதா என்ற ஆட்சேபம் பழையது. நியாயமானதும்கூட. ஆனால் டோனி மாரிசனின் 'தி புளூயஸ்ட் ஐ' (1970) அந்த இரண்டையும் பிரிப்பதே இல்லை. ஒஹையோவின் லொரெய்ன் நகரத்துச் சிறுமி பெக்கோலாவின் தாய் பாலின், அழகு எதுவென்று திரையரங்கில் கற்றவள். அவள் வேலை பார்க்கும் வெள்ளையர் வீட்டில் பெக்கோலா பலகாரத்தைத் தட்டிவிட, பாலின் மகளை அடிக்கிறாள். அழும் முதலாளி வீட்டுக் குழந்தையைக் கொஞ்சித் தேற்றுகிறாள். அடிப்பது தாயின் கை என்றாலும், எந்தக் குழந்தை அருமையானது என்று அவளுக்குக் கற்பித்தது சினிமாவும் சம்பளமும்தான். உள்வீட்டுக் கொடுமையை மறைத்தால் வெளியே இருக்கும் காரணமும் சேர்ந்தே மறைந்துபோகும்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு: 1960களில் கருமையே அழகு என்ற முழக்கம் எழுந்தபின் இந்தக் கதை பழசாகிவிடவில்லையா? முழக்கம் நிறைய மாற்றியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த எழுச்சிக் காலத்தில்தான் மாரிசன் பெக்கோலாவை எழுதினார். 2015இல் வந்த 'காட் ஹெல்ப் தி சைல்டு' நாவலிலும் தாய்–மகள் சிக்கலுக்கே திரும்பினார். அதில் வெளிர் நிறத் தாய், கன்னங்கரேலென்று பிறந்த மகளைத் தன்னை அம்மா என்று கூப்பிட விடுவதில்லை. உலகம் இவளை எப்படி நடத்தும் என்று தெரிந்துதான் கண்டிப்பாக வளர்த்தேன் என்கிறாள். அந்த வாதம் முழுப் பொய்யுமல்ல, சங்கடம் அதில்தான். மகள் வளர்ந்து அழகுசாதனத் தொழிலில் வெற்றி பெறுகிறாள். அங்கே அவளுடைய கருமைக்கு நல்ல விலையும் இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு: கருமை எடுப்பாகத் தெரிய வெள்ளை உடைகளை மட்டுமே அணியவேண்டும் என்கிறார் அவளுடைய அலங்கார ஆலோசகர்.