கேட்டுக்கு வெளியே பாருங்கள்

புனேயின் வடமேற்கு ஓரத்தில் மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது வாகட். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஹிஞ்சவடி ஐ.டி. பூங்கா, இந்தப் பக்கம் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் குடியிருப்புகள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஐ.டி. வேலைக்காக அங்கே போன தமிழ்க் குடும்பங்கள் முதலில் வாடகைக்கு இருந்துவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் சொந்த வீடு தேட ஆரம்பிக்கின்றன. அப்போது எல்லோர் வாயிலும் வரும் முதல் கேள்வி, ‘ஏரியா சேஃப்தானா?’ என்பது. விற்பவர் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்: மூன்றடுக்குக் காவல், மூலைக்கு மூலை கேமரா, யார் வந்தாலும் போனில் கேட்டு அனுமதிக்கும் செயலி, ஆளுயர மதில். இந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் உயிருக்கும் உடலுக்கும் சேமிப்புக்கும் வரக்கூடிய ஆபத்துகளில் மிகச் சிலவற்றைத்தான் இது தடுக்கும். மற்றவை எல்லாம் கேட்டுக்கு வெளியே இருக்கின்றன. வீடு வாங்குகிறவர் தேட வேண்டிய பாதுகாப்பும் அங்கேதான் இருக்கிறது.

அரசே வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஆனாலும் வீடு பார்க்கப் போகும்போது நாம் திருடனைப் பற்றி விசாரிக்கிறோமே தவிர, வாசலில் ஓடும் லாரியைப் பற்றி விசாரிப்பதில்லை. குற்றப் புள்ளிவிவரத்தை வைத்து ஒரு பகுதியை எடைபோடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. புகார்களைத் தட்டாமல் பதிவு செய்யும் காவல் நிலையத்தின் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும். ஆளைத் திருப்பி அனுப்பும் நிலையத்தின் எண்ணிக்கை அழகாகத் தெரியும். பதிவான குற்றம் கூடுவதைக் குற்றமே கூடியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தன் அறிக்கைகளிலேயே எச்சரிக்கிறது. வாகட் பகுதியைக் கவனிக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் காவல் ஆணையரகம் 2018 ஆகஸ்ட் 15 அன்றுதான் தனியாகத் தொடங்கியது. பத்தாண்டு ஒப்பீடு போட்டுப் பார்க்கவும் அங்கே வழியில்லை.

பெண்களும் பிள்ளைகளும் பயமில்லாமல் நடமாட வேண்டும் என்ற கவலை நியாயமானது. அதற்கு மதில் எந்த அளவு உதவும் என்பதுதான் கேள்வி. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வெளிவந்த தன் நூலில் சொன்ன கருத்து இன்றும் நிற்கிறது: கடைகளும் நடப்பவர்களும் ஜன்னலோரக் கண்களும் உள்ள தெருவே தன்னைத் தானே காத்துக்கொள்ளும். 2013-இல் டெல்லியில் தொடங்கிய சேஃப்டிபின் என்ற அமைப்பு ஒரு தெருவை மதிப்பிட எடுத்துக்கொள்ளும் அளவுகோல்களும் வெளிச்சம், நடைபாதை, கண்ணில் படும் மனிதர்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், பேருந்து எவ்வளவு தூரம் என்றே போகின்றன. மதிலும் மதிலும் முகம் பார்த்து நிற்கும் நீளமான சாலையில், இரவு ஒன்பது மணிக்குப் பேருந்தை விட்டு இறங்கி நடக்கும் பெண்ணுக்கு உள்ளே இருக்கும் நாற்பது கேமராக்களால் ஒரு பயனும் இல்லை. மருந்துக் கடையும் இஸ்திரிக் கடையும் காய்கறித் தள்ளுவண்டியும் பத்து மணி வரை திறந்திருக்கும் கஸ்பட்டே வஸ்தி போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகள் பார்வைக்கு நெரிசலாக இருந்தாலும், இந்த விஷயத்தில் புது டவர்களைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

அடுத்தது சாலை. வாகட்டைப் பொறுத்தவரை வீடு ஒரு கரையிலும் வேலை மறுகரையிலும் இருக்கின்றன, நடுவில் நெடுஞ்சாலை. தினமும் அதைக் கடக்க பும்கர் சௌக் சுரங்கப்பாதை, ஹிஞ்சவடி மேம்பாலம் போன்ற சில வழிகளே உண்டு. இதே நெடுஞ்சாலையில் தெற்கே நவலே பாலத்தருகே 2022 நவம்பரில் ஒரே விபத்தில் 48 வாகனங்கள் சிக்கின. கட்டுமானம் ஓயாத பகுதிகளில் இன்னொரு ஆபத்து கான்கிரீட் கலவை லாரிகளும் தண்ணீர் டேங்கர்களும். 2025 ஜனவரியில் ஹிஞ்சவடி–மாண் சாலையில் அப்படியொரு கலவை லாரி கவிழ்ந்து இரண்டு இளம்பெண்கள் உயிரிழந்தார்கள். ஆகவே வீட்டிலிருந்து அலுவலகம் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் சர்வீஸ் சாலை குறுக்கிடுகிறதா, நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, பக்கத்துக் காலி மனைகளில் இன்னும் எத்தனை கட்டடம் எழப்போகிறது என்பவை முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் போக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு முக்கிய ஆதாரம் பவனா அணை. 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் விநியோகம் என்று கொண்டுவந்தார்கள். அந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மீதிப் பள்ளத்தை நிரப்புவது டேங்கர். டேங்கர் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, யார் சோதித்தார்கள் என்பது பெரும்பாலும் குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் புனேயின் சிங்கட் சாலைப் பக்கம் கியான்-பாரே நோய் பரவியபோது, நரம்பு பாதித்துக் கைகால் செயலிழந்தவர்கள் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். சந்தேகம் அசுத்தமான தண்ணீரின் மேல்தான் விழுந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாந்தேட், கிர்கட்வாடி போன்றவை 2021-இல்தான் மாநகராட்சியில் சேர்ந்த கிராமங்கள். ஊர் எல்லைக்குள் வந்துவிட்டது, சுத்திகரித்த தண்ணீர் அதே வேகத்தில் வரவில்லை. புறநகரில் வீடு வாங்குகிற யாரும் இந்த இடைவெளியை மறக்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே ஆட்கள் குடியேறிய கட்டடமானால், சொசைட்டியின் ஆண்டுக் கணக்கறிக்கையை வாங்கிப் பாருங்கள். ‘டேங்கர் செலவு’ என்ற ஒரு வரி இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அது எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால், விளம்பரப் புத்தகம் மறைத்ததெல்லாம் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

தண்ணீர் இல்லாதது ஒரு ஆபத்து என்றால் தண்ணீர் வருவது இன்னொன்று. வாகட்டின் தென்பக்கம் முளா ஆறு ஓடுகிறது. மேலே முல்ஷி அணை திறந்தால் இங்கே ஆறு ஏறும். மகாராஷ்டிரத்தில் ஆற்றங்கரைகளுக்கு இரண்டு கோடுகள் வரைந்திருக்கிறார்கள். 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் தொடும் எல்லை நீலக்கோடு, 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லை சிவப்புக்கோடு. நீலக்கோட்டுக்குள் வீடு கட்டத் தடை, இரண்டுக்கும் நடுவே கட்டுப்பாடு. இது வெறும் காகித விதி இல்லை. 2025 மே 17 அன்று இதே பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி, சிக்களியில் இந்திராயணி ஆற்றின் நீலக்கோட்டுக்குள் கட்டப்பட்டிருந்த 36 பங்களாக்களை இடித்துத் தள்ளியது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் போயும் பயனில்லை. காசு கொடுத்து மனை வாங்கி வீடு கட்டியவர்கள் கண்ணெதிரே புல்டோசர் ஏறியது. பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பதிவு அலுவலகம் கைமாறியதை எழுதி வைக்கும். அந்த மண்ணில் வீடு நிற்கலாமா என்று அது பார்ப்பதில்லை. 2015 வெள்ளத்தில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் பார்த்த தமிழருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மாநகராட்சியின் வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைத் தேடி, கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். ‘ரிவர் வியூ’ என்று விலை கூட்டிச் சொல்லும் வீட்டுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

இனிக் காகிதங்கள். மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரெராவின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டால் வழக்குகள், அனுமதிகள், முடிக்கும் தேதி எல்லாம் கிடைக்கும். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக் கூடாது, ஒப்படைத்த பின் ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்று 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. குடியேறச் சான்று இல்லாத வீட்டைத் தொடவே வேண்டாம். நிலத்தின் கதையைச் சொல்லும் ‘சாத்-பாரா’ என்ற 7/12 நகல் மராத்தியில் இருக்கும். மராத்தி படிக்கத் தெரிந்த, விற்பவரோ வங்கியோ கைகாட்டாத ஒரு வழக்கறிஞரை நீங்களே அமர்த்திக்கொள்வது நல்லது. உயரமான கட்டடமானால் ‘பி படிவம்’ கேளுங்கள். தீயணைப்புக் கருவிகள் வேலை செய்கின்றன என்று ஆண்டுக்கு இருமுறை தர வேண்டிய சான்று அது. பல சொசைட்டிகளில் அந்தப் பேச்சே எடுபடாது.

இவ்வளவும் பார்த்தால் கையில் இருக்கும் காசுக்கு வீடே அமையாது என்று ஒருவர் சொல்லலாம். கவலை உண்மையானது, ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு நேரம்தான். வழக்கறிஞர் கட்டணம்கூட வீட்டு விலையில் சிறு துளி. காசு போதாத இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியது நீச்சல்குளத்தையும் மூன்றாவது படுக்கையறையையும். நல்ல வழியையும் மேட்டு நிலத்தையும் இல்லை. எழுபது லட்சத்துக்குப் புது டவரில் ஒரு வீடும், அதே விலைக்குப் பத்து ஆண்டுப் பழைய கட்டடத்தில் குழாய்த் தண்ணீரும் குடியேறச் சான்றும் உள்ள வீடும் இருந்தால், நான் இரண்டாவதைச் சொல்வேன். இன்னொரு வாதம், ‘எல்லாம் சீக்கிரம் வந்துவிடும், இப்போது வாங்கினால்தான் லாபம்’ என்பது. ஹிஞ்சவடியிலிருந்து வாகட் வழியாக சிவாஜிநகர் போகும் 23 கிலோமீட்டர் மெட்ரோவுக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2025 மார்ச்சில் முடிப்போம் என்ற கெடு தாண்டிப்போனது. வரப்போகிற வசதிக்கான விலையை இன்றே வாங்கிவிடுகிறார்கள். அது வரும் வரையான ஆண்டுகளில் அந்தச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டப்போவது நீங்கள். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள். இன்று இருப்பதை வைத்து முடிவெடுப்பதே சரி.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பொறுங்கள். ஜூலையில் ஒரு பெருமழைக்கு மறுநாள் போய் அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மே மாதத்தில் போய் எத்தனை டேங்கர் வருகிறது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். இந்த ஒரு வருஷம் காத்திருக்கச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் இருபது வருஷக் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.