ஒரே வகை ஊசி, இருவேறு பலன்: ஏன்?

புற்றுநோய்த் தடுப்பூசி சிலருக்கு மட்டுமே பலிப்பதற்கான காரணத்தை ஊசிமருந்தில் மட்டும் தேடினால் போதாது. கட்டியின் மரபணுப் பிழைகளால் உருவாகும் புதிய புரதத் துண்டுகளே டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்களுக்கு அடையாளம். வெயிலால் பிழைகள் மலிந்த மெலனோமா என்னும் தோல் புற்றில் அவை ஏராளம். அப்படியானால் பிழைகள் குறைந்த கணையப் புற்றில் ஊசி வீண்தானே? இல்லை. 2023இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் மற்ற மருந்துகளோடு எம்ஆர்என்ஏ ஊசியும் பெற்ற 16 பேரில் 8 பேருக்கு டி செல்கள் விழித்தன. நோய் திரும்புவதும் அவர்களுக்குத் தாமதமானது. (சிறிய ஆய்வுதான், ஊசியே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.) ஆனால் விழித்த டி செல்லையும், நாள்பட்ட அழற்சி கட்டிக்குள் இழுத்துவரும் மைலாய்டு செல்கள் என்ற வேறுவகை நோயெதிர்ப்பு செல்கள் முடக்கலாம். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணுவை இழந்த கட்டியோ அடையாளத்தை வெளியே காட்டுவதே இல்லை. மைலாய்டு செல்களைத் தடுக்க அழற்சியையே அடக்கிவிடலாமா? ஊசி தூண்டும் குறுகிய கால அழற்சி எழாவிட்டால் டி செல்கள் சரியாக விழிக்காது.